சூழலியல் இதழுக்கான ஆய்வுக்கட்டுரை உருவாக்கம்: இலக்கியச் சான்று தரவாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியம், நாட்டார் வழக்காறு, ஊர்ப்பெயர் ஆகியவற்றில் பொதிந்துள்ள இயற்கை அறிவு குறித்துத் தமிழாய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாய்வின் பயனைச் சூழலியல் இதழ்களுக்குக் கொண்டுசெல்லும்போது, இலக்கியச் சான்று பெரும்பாலும் முன்னுரையில் இடம்பெறும் பண்பாட்டுக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. பிறர் சரிபார்க்கத்தக்க தரவாக மாற்றப்பட்டாலன்றி இலக்கியச் சான்று சூழலியல் கட்டுரையில் வாதத்தைத் தாங்காது என்பது இக்கட்டுரையின் கருத்து. தாவரப் பெயரடையாளம், பாடல் தேர்வு, களப்பதிவு, புள்ளியியல் அலகு, உரிமைகோரலின் எல்லை, தரவு வைப்பு, மதிப்புரைக்கு மறுமொழி ஆகிய படிநிலைகளில் அம்மாற்றம் நிகழும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திணை, சூழலியல், தாவரப் பெயரடையாளம், தரவு, போலி மறுபதிவு, மதிப்புரை.

1. முன்னுரை

திணைக்கோட்பாடு நிலம், பொழுது, உயிரினம், மாந்தர் ஒழுக்கம் ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்குவது. இதனால் தமிழ்த்துறை ஆய்வாளர் பலர் சூழலியல் துறையினரோடு இணைந்து ஆய்வு செய்ய விழைகின்றனர். பி.எல். சாமி, கு. சீநிவாசன் முதலியோர் சங்க இலக்கியத் தாவரங்களைத் தாவரவியல் நோக்கில் அடையாளப்படுத்திய நூல்கள் இவ்விணைப்புக்கு அடித்தளமாக உள்ளன. ஆயினும், அனைத்துலகச் சூழலியல் இதழ்களில் தமிழ்ச் சான்றுகளை முதன்மைத் தரவாகக் கொண்ட கட்டுரைகளைக் காண்பது அரிது.

ஆங்கில மொழித் தடையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. தட்சுயா அமானோவும் அவருடைய குழுவினரும் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரின் கட்டுரைகள் மொழிநடை காரணமாக மறுக்கப்படுவது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று அது காட்டியது. இதே ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையின்படி, பல்லுயிர்ப் பாதுகாப்புப் பற்றி 2014இல் வெளிவந்த 75,513 அறிவியல் ஆவணங்களில் 35.6 விழுக்காடு ஆங்கிலமல்லாத மொழிகளில் எழுதப்பட்டவை. எனவே பிறமொழி அறிவு இல்லாமலில்லை. அது உரிய இடத்தைச் சென்றடையவில்லை என்பதே சரி.

எனினும், மொழிநடையைத் திருத்திய பின்னரும் எஞ்சும் தடை ஒன்றுண்டு. தமிழ்த்துறைக் கட்டுரையில் ஒரு பாடலடி சான்றாக நின்றால், அப்பாடலை அறிந்த படிப்போர் அதன் ஏற்புடைமையைத் தாமே மதிப்பிடுவர். சூழலியல் இதழின் மதிப்புரையாளர் அப்பாடலை அறியார். அவருக்கு வேண்டுவன மூன்று: அச்சான்று எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது, பிறர் ஒருவர் அதே வழியில் சென்றால் அதே முடிவை எய்துவாரா. இம்மூன்றுக்கும் விடை தருவதே ஆய்வுக்கட்டுரையை அணியப்படுத்தும் பணியின் பெரும்பகுதி. எழுத்துரு, வரி இடைவெளி, வரி எண் போன்றவை அதற்குப் பின்னரே வருகின்றன.

2. முன்மாதிரிகள்

இலக்கியப் பதிவு சூழலியல் தரவாக ஏற்கப்பட்டதற்கு மூன்று முன்மாதிரிகளைக் காட்டலாம்.

முதலாவது, சப்பானின் கியோட்டோ நகரச் செர்ரி மலர்ச்சி. அரசவையினரின் நாட்குறிப்புகளிலும் வரலாற்றேடுகளிலும் மலர்விழா பற்றியும் பூத்த நாள் பற்றியும் உள்ள குறிப்புகளைத் திரட்டி, 9ஆம் நூற்றாண்டு முதலான இளவேனில் வெப்பநிலையை யசுயுகி அவோனோ, கெய்க்கோ கசுயி ஆகியோர் 2008இல் மீட்டுருவாக்கினர். இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் குறிப்புகள். அவர் 1852 முதல் 1858 வரை மாசசூசெட்சின் கன்கார்டு ஊரில் செடிகள் முதலிற் பூத்த நாள்களைக் குறித்து வைத்தார். ஆபிரகாம் மில்லர்-ரஷ்ஷிங், ரிச்சர்டு பிரிமாக் ஆகியோர் அதே ஊரில் மீண்டும் பதிவு செய்து ஒப்பிட்டு, பரவலாகக் காணப்படும் செடிகள் சராசரியாக ஏழு நாள் முன்னதாகப் பூப்பதை 'எகாலஜி' இதழில் 2008இல் நிறுவினர். மூன்றாவது நமக்கு மிக அண்மையது. மேற்கு மகாராட்டிரத்தின் புல்வெளிகள் காடழிந்து தோன்றியவையா, தொன்றுதொட்டு உள்ளவையா என்னும் வினாவுக்கு, 13ஆம் நூற்றாண்டு முதலான மராட்டிய மரபிலக்கியங்களில் வரும் தாவரக் குறிப்புகளைப் பிறவகைச் சான்றுகளோடு இணைத்து நோக்கிய கட்டுரை ஒன்று, பிரித்தானியச் சூழலியல் கழகத்தின் 'பீப்பிள் அண்டு நேச்சர்' இதழில் 2025இல் வெளிவந்தது.

இம்மூன்றிலும் இலக்கியத் தகுதி கருதிச் சான்று ஏற்கப்படவில்லை. முதலிரண்டில் நாள், இடம், இனம் ஆகிய மூன்றும் தெளிவாக உள்ளன. மூன்றாவதில் நாள் இல்லை. ஆனால் இடமும் இனமும் உள்ளன. வினாவும் அதற்கேற்பவே அமைந்தது: 'எப்போது பூத்தது' என்று கேளாமல், 'எவ்வகை நிலத்துத் தாவரங்கள் குறிக்கப்படுகின்றன' என்று கேட்கப்பட்டது. சங்கப் பாடல்களில் நாளும் பெரும்பாலும் இடமும் இரா. ஆகவே கியோட்டோ நாட்குறிப்புகளிடம் கேட்கும் வினாவைக் குறுந்தொகையிடம் கேட்க இயலாது. சான்றின் இயல்புக்கு ஏற்ற வினாவைத் தேர்வதே முதற்பணி.

3. வினாவும் இதழ்த் தேர்வும்

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை ஆய்வைக் கொள்வோம். புதுச்சேரியை ஒட்டிய சோழமண்டலக் கடற்கரையில் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் பல கோயில்காடுகளாக நிலைத்துள்ளன. 'நெய்தற் பாடல்கள் குறிக்கும் மரங்கள், கோயில்காட்டுக்கு வெளியே உள்ள நிலத்தைக் காட்டிலும் கோயில்காட்டுக்குள் மிகுதியாகக் காணப்படுகின்றனவா?' என்பது வினா. இது களத்தில் சோதிக்கத்தக்கது; இல்லை என்னும் விடைக்கும் இடம் தருவது. 'சங்கத் தமிழரின் சூழலியல் அறிவு சிறந்தது' என்பது வினாவன்று, முடிபு. எந்தக் களப்பதிவும் அதனை மறுக்க இயலாதாகலின், எந்தக் களப்பதிவும் அதனை நிறுவவும் இயலாது.

வினா உறுதியான பின் இதழைத் தேர வேண்டும். 1913இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் எகாலஜி', 1920இல் தொடங்கிய 'எகாலஜி' ஆகியன பொதுச் சூழலியற் கோட்பாட்டுக்குப் பங்களிக்கும் கட்டுரைகளை நாடுவன. தாவரங்களுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை 'எகனாமிக் பாட்டனி', 'ஜர்னல் ஆஃப் எத்னோபயாலஜி' போன்றவை வரவேற்பன. கோயில்காடுகளைச் சூழலியல் ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்திய மாதவ் காட்கில், வி.டி. வார்த்தக் ஆகியோரின் கட்டுரை 1976இல் 'எகனாமிக் பாட்டனி' இதழிலேயே வெளிவந்தது. இதழின் நோக்கவுரையோடு அதன் அண்மைக்கால இதழ்கள் சிலவற்றையும் படித்து, தம் கட்டுரை அங்கு நடைபெறும் எந்த உரையாடலில் சேரும் என்று ஒரே தொடரில் சொல்ல இயலுமா எனப் பார்த்தல் வேண்டும். இயலாதாயின் இதழ் தவறு, அல்லது வினா முதிரவில்லை. பல இதழ்கள் மதிப்புரைக்கு அனுப்பாமலே பதிப்பாசிரியர் நிலையில் கட்டுரைகளைத் திருப்பி விடுவதற்கு இப்பொருத்தமின்மையே பெருங்காரணம்.

4. பெயரும் இனமும்

இலக்கியத் தாவரத்தை அறிவியற் பெயரோடு இணைக்கும் இடமே இத்தகைய கட்டுரைகளின் மிக நொய்ம்மையான பகுதி. இச்சிக்கல் மூவகைப்படும்.

ஒரு பெயர் பல இனங்களைக் குறிப்பது முதல்வகை. மருதம் என்பதை நீர்மருதாகிய டெர்மினாலியா அர்ஜுனா எனக் கொள்வாரும், பூமருதாகிய லேகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா எனக் கொள்வாரும் உளர். தாழை என்னும் சொல் கைதையையும் தென்னையையும் குறித்து வழங்கியுள்ளது. நெய்தல் நில ஆய்வில் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் எண்ணினால், இயற்கையாக வளரும் புதரும் நட்டு வளர்க்கும் மரமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

இலக்கியம் தரும் அடையாளம் இனத்தளவில் முடிவுசெய்யப் போதாமை இரண்டாம் வகை. குறிஞ்சிச் செடியின் தண்டு கரியது என்றும், அதன் பூவிலிருந்து தேன் மிகுதியாகக் கிடைக்கும் என்றும் குறுந்தொகையின் மூன்றாம் பாடல் உணர்த்துகிறது. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரளாகப் பூப்பது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. ஆனால் பன்னிரண்டாண்டுச் சுழற்சி அப்பாடலில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதே பேரினத்தைச் சேர்ந்த பிற இனங்களும் உள்ளன. வேறு இடைவெளிகளில் பூப்பவையும் அவற்றுள் உண்டு. எனவே, அப்பாடலிலிருந்து பேரினத்தை உறுதியாகவும், இனத்தை ஏற்புடைய ஊகமாகவும் கொள்வதே முறை.

அறிவியற் பெயரே மாறுவது மூன்றாம் வகை. கருவேலம் அகேசியா நிலோடிகா எனப் பழைய நூல்களில் இருக்கும். 2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் நடந்த தாவரவியல் மாநாடுகளின் முடிவுகளால் அகேசியா என்னும் பெயர் பெரிதும் ஆத்திரேலிய இனங்களுக்கு உரியதாகி, கருவேலம் வாச்செல்லியா நிலோடிகா ஆயிற்று. புரோசோபிஸ் பேரினத்தை 2022இல் பகுத்தபோது சீமைக்கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என மாற, வன்னி மட்டும் புரோசோபிஸ் சினரேரியா என்னும் பழம்பெயரிலேயே நின்றது. பழைய விளக்க நூலிலிருந்து பெயரை அப்படியே எடுத்தாளும் கட்டுரை, இக்கால வகைப்பாட்டை அறியாதது என்னும் ஐயத்தை மதிப்புரையாளரிடம் உடனே எழுப்பும்.

இம்மூன்றையும் எதிர்கொள்ள எளிய வழி ஓர் அடையாள அட்டவணை. தமிழ்ப்பெயர், அது வரும் பாடலும் அடியும், பாடல் கூறும் உருவ அடையாளங்கள், முன்னை ஆய்வாளர் கண்ட அடையாளம், இன்று ஏற்கப்படும் அறிவியற் பெயர், உறுதிநிலை ஆகியவை அதன் பத்திகளாகும். உறுதிநிலையை 'இனம் உறுதி', 'பேரினம் மட்டும் உறுதி', 'கருத்து வேறுபாடு உண்டு' என மூன்றாகப் பகுக்கலாம். பின்னர் முதல்நிலைப் பெயர்களை மட்டும் கொண்டும், எல்லாப் பெயர்களையும் கொண்டும் இருமுறை கணக்கிட வேண்டும். இருமுறையும் முடிபு மாறாவிடின், பெயரடையாளம் பற்றிய ஐயம் முடிபைப் பாதிக்கவில்லை என்பது தெளிவாகும். மாறின், அதனைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

களத்தில் கண்ட செடிக்கு உலர்மாதிரி இன்றியமையாதது. கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத்துறையின் தென்மண்டல உலர்தாவரகம், திருச்சிராப்பள்ளி இராபினாட் உலர்தாவரகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன உலர்தாவரகம் போன்ற ஒன்றில் மாதிரியை வைத்து, அதன் எண்ணைக் கட்டுரையில் தருதல் வேண்டும். கேம்பிள் தொடங்கிய 'சென்னை மாகாணத் தாவரவளம்', கே.எம். மேத்யூவின் 'தமிழ்நாட்டுக் கருநாடகப் பகுதித் தாவரவளம்' ஆகியன இனங்காண்பதற்கு உதவுவன.

5. முறையியற் பகுதி

முறையியலை இறந்தகாலத்தில், செய்த வரிசையில், பிறர் மீளச் செய்யத்தக்க நுணுக்கத்தோடு எழுதுவது மரபு. தமிழ்ச் சான்று உள்ள கட்டுரைக்கு இதில் இரு பகுதிகள் உண்டு.

அ) பனுவற் பகுதி. எந்தப் பதிப்பு என்பதைக் குறிக்க வேண்டும். உ.வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்புக்கும் பிற்காலப் பதிப்புகளுக்கும் இடையே பாடவேறுபாடு உள்ள இடத்தில், கொண்ட பாடத்தையும் காரணத்தையும் சுட்ட வேண்டும். பாடல்களைத் தேர்ந்த விதியையும் கூற வேண்டும். 'நெய்தல் பற்றிய பாடல்கள்' என்பது விதியாகாது. 'ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் கிடைக்கும் பாடல்கள் அனைத்தும்' என்பது விதி. தமக்கு ஏற்ற பாடல்களை மட்டும் எடுத்துக்காட்டுவது சூழலியலார் நோக்கில் ஒருசார்பான மாதிரியெடுப்பாகும். ஒரு பெயர் உவமையில் வருவதா, நிலக் காட்சியில் வருவதா என்று பகுப்பதை இருவர் தனித்தனியே செய்து, அவர்கள் எந்த அளவுக்கு ஒத்தனர் என்பதைக் கோகன் 1960இல் வகுத்த காப்பா அளவு போன்ற ஒன்றால் தெரிவிக்கலாம். பொருள்கோளில் கருத்து வேறுபடுவது தமிழாய்வுக்கு இயல்பே. அவ்வேறுபாட்டின் அளவை மறையாது தெரிவிப்பது கட்டுரைக்கு வலிமை சேர்க்கும்.

ஆ) களப் பகுதி. நம் எடுத்துக்காட்டில் பத்துக் கோயில்காடுகள். ஒவ்வொன்றிலும் உள்ளே ஐந்தும் வெளியே ஐந்துமாகச் சதுர அளவிடங்கள் எனக் கொள்வோம். உள்ளே மொத்தம் 50 அளவிடங்கள் இருப்பதால் மாதிரியளவு 50 எனக் கணக்கிடத் தோன்றும். அது பிழை. காவல் என்பது காட்டுக்கு உரியது, அளவிடத்துக்கு உரியதன்று. ஒரே காட்டின் ஐந்து அளவிடங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. இங்கு மாதிரியளவு பத்தே. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இப்பிழைக்குப் போலி மறுபதிவு என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவர் ஆராய்ந்த 176 ஆய்வுகளில் 27 விழுக்காட்டிலும், அவற்றுள் அனுமானப் புள்ளியியலைப் பயன்படுத்தியவற்றில் 48 விழுக்காட்டிலும் இப்பிழை இருந்தது. அளவிடங்களைக் காட்டுக்குள் அடங்கியனவாகக் கொள்ளும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்துவது இன்றைய வழக்கம். அதனை ஆய்வு முடிந்த பின் தேடாமல், களத்துக்குச் செல்லுமுன்பே புள்ளியியல் அறிந்தாரோடு கலந்து உறுதிசெய்தல் நன்று. பயன்படுத்திய மென்பொருளின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறிக்க வேண்டும்.

6. முடிவுகளும் விவாதமும்

சூழலியற் கட்டுரையில் முடிவுகள் வேறு, விவாதம் வேறு. முடிவுகள் பகுதியில் கண்டது மட்டும் இடம்பெறும். அதன் பொருள் விவாதத்தில் வரும். தமிழ்த்துறைக் கட்டுரையில் சான்றும் விளக்கமும் பத்திதோறும் பின்னி வருவது இயல்பாதலால், இப்பிரிப்புக்குத் தனிக்கவனம் தேவை. முடிவுகளில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு' என்பதோடு நில்லாமல், வேறுபாட்டின் அளவையும் அதன் ஐய எல்லையையும் தர வேண்டும். எத்துணை இனங்கள் மிகுதி, அம்மதிப்பு எந்த எல்லைக்குள் அமையக்கூடும் என்பதே படிப்போர்க்குப் பயன்படும் செய்தி.

விவாதத்தில் எழும் பெருங்குறை மிகைபடக் கூறல். தொல்காப்பிய மரபியல் நூலுக்கு ஆகாத குற்றங்களுள் ஒன்றாக இதனை வைத்தது. திணை இலக்கியத்தைத் தரவாகக் கொள்ளும்போது இக்குற்றம் நேரும் வழி தனித்தன்மை உடையது. பாடலில் ஒரு மரம் அடிக்கடி வருவது, அது நிலத்தில் மிகுதியாக இருந்ததைக் காட்டாது. கருப்பொருள் மரபு அதனைத் தேர்ந்ததைக் காட்டலாம். பாடலில் வாராத மரம் நிலத்தில் இல்லாதது என்றும் கொள்ள இயலாது.

குறிஞ்சிப்பாட்டு இதற்குத் தக்க சான்று. அது 99 பூக்களை அடுக்கிக் கூறுவதாகப் போற்றப்படுகிறது. மலைச்சாரலில் நிகழும் அப்பாட்டின் பட்டியலில் நெய்தலும் மருதமும் தாழையும் தில்லையும் உள்ளன. அத்தில்லையை இன்று பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் எக்சோகேரியா அகல்லோச்சா எனக் கொண்டால், கடற்கழி மரமொன்று மலைப்பூக்களோடு வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அப்பட்டியலை ஒரு மலையின் தாவரக் கணக்கெடுப்பாகக் கொள்ளலாகாது. புலவர் அறிந்திருந்த பூக்களின் பெயர்த்தொகுதியாகக் கொள்ளலாம். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிற நிலத்திலும் வரக்கூடும் என்பதற்கு அகத்திணையியலே இடம் தந்துள்ளது. இம்மரபை நன்கறிந்தவர் தமிழாய்வாளரே. இலக்கியத் தரவின் ஒருசார்புத்தன்மை எங்கு உள்ளது, எவ்வளவு, எத்திசையில் என்று சொல்வது கூட்டாய்வில் அவருடைய தனிப்பங்களிப்பாக அமையும். உடனாய்வாளரான சூழலியலாரால் இதனைச் செய்ய இயலாது.

நம் எடுத்துக்காட்டில் நெய்தல் மரங்கள் கோயில்காட்டில் மிகுதி என்று கண்டாலும், 'ஈராயிரம் ஆண்டாக இக்காடுகள் காக்கப்பட்டன' என்னும் முடிபு அதிலிருந்து கிடைக்காது. 'பாடல்கள் பெயர்சொல்லும் மரங்களுள் இத்தனை இன்று இக்காடுகளில் எஞ்சியுள்ளன; சுற்றுநிலத்தில் அவை குறைவு' என்பதே கிடைக்கும். இச்சிறிய முடிபு பாதுகாப்புத் திட்டத்துக்குப் போதுமானது. மறுக்க இயலாததும் ஆகும்.

7. அறநெறியும் தரவு வைப்பும்

ஊர்ப் பெரியோரிடமும் பூசாரியிடமும் பெற்ற தாவர அறிவுக்கு முன்னறிந்த இசைவு தேவை. அனைத்துலக இனவுயிரியல் கழகம் 2006இல் ஏற்ற அறநெறிக் கோவை இதனை வலியுறுத்துகிறது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், உயிரியல் வளத்தோடு அது சார்ந்த அறிவையும் தழுவியது. வெளிநாட்டவர் உடனாய்வாளராகும்போது, சென்னையில் தலைமையிடம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவையா என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே தெளிதல் வேண்டும். காப்புக்காட்டில் பணிசெய்ய வனத்துறையின் இசைவும், கல்வி நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்று, அவற்றின் எண்களைக் கட்டுரையில் தர வேண்டும். இவற்றைப் பின்னோக்கிப் பெற இயலாது. தகவலாளி தம் பெயர் வெளிவர விரும்பின் நன்றியுரையிலோ ஆசிரியர் வரிசையிலோ இடம் தருவதும், விரும்பாவிடின் மறைப்பதும் கடமை.

சூழலியல், படிமலர்ச்சித் துறை இதழ்கள் பல 2011 முதல் கட்டுரைக்கு அடிப்படையான தரவைப் பொதுவைப்பகத்தில் வைக்குமாறு கோரி வருகின்றன. டிரையாடு அத்தகைய வைப்பகங்களுள் ஒன்று. அளவிடப் பதிவுகளோடு, பாடல் அடையாள அட்டவணையும் பகுப்பு விதிகளும் அங்கு வைக்கப்பட வேண்டியவை. தமிழ்ப்பெயர்களை ஒருங்குறியில் தமிழ் எழுத்திலேயே தந்து, உரோமன் எழுத்துப்பெயர்ப்பை உடன்வைத்தல் நன்று. எழுத்துப்பெயர்ப்பில் மட்டும் தந்தால் லகர ளகர ழகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மயங்கக்கூடும். அரிய இனங்களின் துல்லியமான இருப்பிடத்தையும், ஊரார் வெளியிட விரும்பாத மருத்துவப் பயன்பாட்டையும் பொதுத்தரவிலிருந்து நீக்கலாம். நீக்கியமையைக் குறிப்பிட வேண்டும்.

ஆசிரியர் பங்களிப்பை 14 பங்குகளாக வகுக்கும் முறை பல இதழ்களில் வழக்கில் உள்ளது. பனுவலாய்வு செய்தவர் 'மொழி உதவியாளர்' என நன்றியுரையில் ஒதுக்கப்படாதிருக்க, கருத்துருவாக்கம், முறையியல், தரவுத் திரட்டு ஆகியவற்றில் அவருடைய பங்கு என்ன என்பதைக் களப்பணிக்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்தல் பிணக்கைத் தவிர்க்கும்.

8. சுருக்கமும் முகப்புக் கடிதமும்

சுருக்கம் இறுதியில் எழுதப்படுவது, முதலிற் படிக்கப்படுவது. 'ஜர்னல் ஆஃப் எகாலஜி' எண்ணிட்ட கூறுகளாக அதனைக் கேட்டு, பொதுவான அறிவுக்கு ஆய்வு சேர்ப்பது என்ன என்னும் தொகுப்புரையை இறுதிக் கூறாக வேண்டுகிறது. பிற இதழுக்கு எழுதுவோரும் இவ்வைப்புமுறையை வரைவு நிலையில் பின்பற்றலாம். வினா, முறை, முதன்மை முடிவு, அதன் பொருள் ஆகிய நான்கும் அதில் இல்லையெனின், அவை கட்டுரையிலும் தெளிவாக இல்லை என்று அறியலாம்.

'பயோட்ரோப்பிக்கா' போன்ற சில இதழ்கள் இரண்டாம் மொழியில் சுருக்கம் வெளியிட இசைகின்றன. அவ்வாய்ப்பு உள்ள இடத்தில் தமிழ்ச் சுருக்கம் தருவது, களத்தில் உதவிய ஊராரும் வனத்துறைப் பணியாளரும் ஆய்வின் முடிபைப் படிக்க வழிசெய்யும். ஆங்கிலச் சுருக்கத்தின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பாக அதனை அமைக்காமல், தமிழில் புதிதாக எழுதுதல் வேண்டும்.

முகப்புக் கடிதம் நம் பாயிர மரபோடு ஒப்பிடத்தக்கது. நூல் எதைப் பற்றியது, யார்க்கு உரியது, என்ன பயன் தருவது, எம்மரபின் வழிவந்தது முதலியவற்றைப் பாயிரம் உரைக்க வேண்டும் என நன்னூல் வகுத்தது. பதிப்பாசிரியர்க்கு வேண்டுவனவும் இவையே. ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், வினாவையும் முதன்மை முடிவையும் இவ்விதழைத் தேர்ந்த காரணத்தையும் கூறி, கட்டுரை வேறெங்கும் ஆய்வில் இல்லை என்பதை உறுதிப்படுத்தினால் போதும்.

ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடும் இதழ்களும் உள்ளன. 'ஃபங்ஷனல் எகாலஜி' இதழ் கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஆசிரியர் அடையாளம் தெரிந்தபோது வளமிக்க, ஆங்கிலம் மேலோங்கிய நாட்டவர்க்குக் கிடைத்த மேன்மை, அடையாளம் மறைக்கப்பட்டபோது நீங்கியது. இத்தகைய இதழுக்கு அனுப்பும்போது நன்றியுரை, இசைவு எண், கோப்பின் பண்புக்குறிப்பு ஆகியவற்றிலும் பெயர் வெளிப்படாமல் காக்க வேண்டும்.

9. மதிப்புரைக்கு மறுமொழி

மதிப்புரையாளரின் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு எடுத்தெழுதி, அதன்கீழ் செய்த மாற்றத்தையும் வரி எண்ணையும் தருவது முறை. 'கவிதை எவ்வாறு சான்றாகும்?' என்னும் வினா எழுவது இயல்பு. அதனைத் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து எதிர்கொள்வது பயன்தராது. பாடல் தேர்வு விதி, இருவர் பகுப்பின் ஒப்பளவு, உறுதிநிலை வாரியான இரு கணக்கீடுகள் ஆகியவற்றைச் சுட்டுவதே மறுமொழி. மதிப்புரையாளர் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் அவ்விடத்து நடை தெளிவற்றது எனக் கொண்டு திருத்துதலும், உடன்பட இயலாத இடத்தில் காரணத்தோடு மறுத்தலும் ஏற்புடையன. மறுக்கப்பட்ட கட்டுரையை அப்படியே வேறிதழுக்கு அனுப்பாமல், பெற்ற கருத்துகளின்படி திருத்தி அனுப்புதல் வேண்டும். சிறிய துறையில் அதே மதிப்புரையாளரிடமே அது மீண்டும் செல்லக்கூடும்.

10. முடிவுரை

தமிழ் இலக்கியம் இயற்கையைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறது என்பதைச் சூழலியலார்க்கு எடுத்துரைப்பதால் மட்டும் அது அவர்தம் சான்றாகிவிடாது. பெயரடையாளத்தின் உறுதிநிலையும் பாடல் தேர்வின் விதியும் திணைமரபின் ஒருசார்பும் அளவிட்டுச் சொல்லப்பட்டபோதே அது தரவாகிறது. இம்மூன்றும் தமிழாய்வாளர் தம் துறைப்பயிற்சியால் செய்யத்தக்கவை. புள்ளியியலும் களமுறையும் உடனாய்வாளரால் நிறைவுறுபவை.

இவ்வழியில் உடனடியாகத் தொடங்கத்தக்க பணி ஒன்றுண்டு. சங்கப் பாடல்களின் தாவரப் பெயர்கள் அனைத்துக்கும், இன்று ஏற்கப்படும் அறிவியற் பெயரும் உறுதிநிலையும் கருத்து வேறுபாட்டுக் குறிப்பும் கொண்ட திறந்த அட்டவணையைத் தமிழ்த்துறைகளும் தாவரவியல் துறைகளும் கூடி உருவாக்கலாம். அதன்பின் வரும் ஒவ்வோர் ஆய்வாளரும் பெயரடையாள வாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. அட்டவணையைச் சுட்டிவிட்டுத் தம் வினாவுக்கு நேரே செல்லலாம்.